யாரும் எழுப்பாத ராஜா

என் அக்கா புஷ்பலதாவுக்குச் சிரிக்கத் தெரியவில்லை என்று ஜப்பான்காரர்கள் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெரியாமல் இல்லை. இங்கே பர்மாவில், ஷ்வேப்யிதா தையல் ஆலையில் நாள் முழுக்கச் சட்டைக்குக் காலர் தைத்துவிட்டு, பஸ் மாறித் தின்கன்ஜூனுக்கு வந்து, மாடி வகுப்பில் ஜப்பான் பாஷை படித்துவிட்டு, கரண்ட் இல்லாத வீட்டில் சோறு தின்கிறவளுக்கு முகம் அப்படித்தான் இருக்கும். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்து வேலைக்குத்தான் இவ்வளவும். மூன்றாவது நேர்காணலும் போய்விட்டால் ஏஜென்ட் அவளைக் கழற்றிவிடுவார்.

எட்டாவதோடு நின்றவன் என்றாலும் வீட்டில் நான்தான் ஜப்பான் முதலாளி. அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து கேள்வி கேட்பேன்.

“தாத்தா பல்செட்ட முழுங்கிட்டாரு. என்ன பண்ணுவே?”

“ஒன்னைப் புடிச்சு உள்ள எறக்கி விடுவேன்.”

“சிரிச்சுக்கிட்டே சொல்லணும்.”

“போடா கொரங்கு, தூக்கம் வருது.”

உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். ஒரு நாள் அவள் ஜடையை நாற்காலியோடு கட்டிவைத்தேன். அசையவே இல்லை. கடைசியில் நானே அவிழ்த்துவிட்டேன்.

வகுப்பில் பாடம் நடத்துகிறவர் ஸமீரா. ஸயாமா என்போம், பர்மாவில் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவது. அவர் ஒரு பதிலை மனப்பாடம் பண்ணவைத்தார்.

“எங்க ஊருக்கு வந்தா மொதல்ல எங்க போவீங்கன்னு கேப்பாங்க புஷ்பா. பழைய ராஜாவோட கல்லறையப் பாக்கணும்னு சொல்லு. குளுந்து போயிருவாங்க.”

படமும் காட்டினார். ஆயிரத்தைந்நூறு வருஷத்து மண்மேடு. மேலே காடு, சுற்றிலும் அகழி.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு லேப்டாப்பில் இரண்டு முகங்கள் வந்தன. இல்லத்தின் தலைவி, வயதான அம்மாள். அவர் பேசுவதைப் பர்மிய மொழியில் சொல்ல ஒரு பெண். நான் கேமராவில் விழாமல் எதிரே நின்று, சிரி சிரி என்று வாயை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

கேள்வி வந்தது. ஒப்பித்தாள்.

“அங்கே போய் என்ன செய்வீர்கள்?” என்றார் அந்த அம்மாள். அது மனப்பாடத்தில் இல்லை.

“வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவேன். மேலே ஏறிப் பூ வைப்பேன்.”

பகோடாவுக்குப் போய்ப் பழகியவர்கள் நாங்கள். புனிதமான மேடு என்றால் வெறுங்காலோடு ஏற வேண்டியதுதானே? திரையில் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஸயாமா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். மேட்டின் மேல் யாரையும் விடமாட்டார்களாம். அகழிக்கு இந்தப் பக்கமே நின்று வணங்கிவிட்டுத் திரும்பவேண்டுமாம்.

அக்கா நேர்காணல் என்பதையே மறந்தவள் மாதிரி பர்மிய மொழியில் கேட்டாள்.

“அப்படியென்றால் இத்தனை வருஷமாக அவரை யாருமே எழுப்பவில்லையா?”

“இல்லை.”

“கொடுத்துவைத்தவர். நான் வந்தால் சத்தம் போடாமல் நின்று பார்த்துவிட்டு வருவேன்.”

சிரிப்பு நின்றது. அந்த அம்மாள் திரைக்குக் கிட்டே வந்தார்.

“நீங்கள் எப்போது தூங்குவீர்கள்?”

“பஸ்ஸில்.”

“நின்றுகொண்டா?”

“இடம் கிடைக்காவிட்டால்.”

அவ்வளவுதான். நன்றி சொல்லித் திரையை அணைத்துவிட்டார்கள்.

“போச்சு,” என்றாள் அக்கா, படியிறங்கும்போது. “ராஜா தலையில ஏறப்போறேன்னு சொல்லிட்டேன்.”

“செருப்பக் கழட்டிட்டுத்தானே ஏறப்போனே.”

பையால் அடித்தாள். அடியில் உயிரே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நேர்காணலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு பாயில் விழுந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். ஸயாமாதான்.

“சுந்தர், எடுத்துட்டாங்கடா! ராத்திரி தூங்காத பெரியவங்களுக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்னு அந்தம்மா ஒத்தக்கால்ல நின்னாங்களாம். அவகிட்ட குடு, சீக்கிரம்!”

அக்கா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கன்னத்தில் பாயின் தடம். ஆறு மாசத்தில் இந்தப் பாய் காலியாகிவிடும்.

“அவ வெளிய போயிருக்கா ஸயாமா. காலைல பேசுவா,” என்றேன்.

சமையலறையில் அம்மா எதையோ உருட்டினார். ஓடிப்போய், “மெதுவாம்மா!” என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருமென்று அம்மா எதிர்பார்க்கவில்லை. கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.