ஒரே விலாசம்

அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஹட்டனில் ஒரு மாடியறையில் எனக்கு புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தார். பாடம் என்று எதுவும் நடத்தவில்லை. நான் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்காக, தடுப்பூசி போட வேண்டிய பிள்ளைகளின் பதிவை இருவரும் சேர்ந்து கணினியில் உருவாக்கினோம். ஒரு வரியை எழுதினாலும் அழித்தாலும், ஏன் என்று வாய்விட்டுச் சொல்வார். அதுதான் அவர் பழக்கம்.

“ஒரே பேரு, ஒரே விலாசம் ரெண்டு தடவ வந்தா, தவறிப் பதிஞ்சிருப்பாங்க. ஒன்ன அழிச்சிடச் சொல்லி கம்ப்யூட்டருக்கு எழுதுறேன், அண்ணே.”

“வேணாம் மிஸ். லயத்து வரிசை வீடுகள்ல இருக்கிற எல்லாருக்கும் தோட்டத்து விலாசம் ஒன்னுதானே? எங்க தோட்டத்துல மூணு கவிதா இருக்காங்க. ரெண்டு பிள்ளைக்கு ஊசி இல்லாமப் போயிடும்.”

அவர் விரல்கள் நின்றன. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நானும் அக்கரப்பத்தனை லயத்துலதான் பொறந்தேன், அண்ணே. எனக்கு வந்த கடிதமெல்லாம் கைக்கு வந்து சேராம தோட்டத்து ஆபீஸ்லதான் கெடந்துச்சு.”

பிறகு, ஒன்றை அழிக்கச் சொல்லித் தட்டியிருந்த அந்த வரியை அழித்தார். அதற்கு மட்டும் ஏன் என்று சொல்லவில்லை.