தொலைந்த ஊசிமுனை

தையல் ஆலையில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். சும்மா வைக்கவில்லை. சர்க்கரை நோய் வந்ததிலிருந்து அவள் கேட்காத உபதேசம் இல்லை. "வாயைக் கட்டு" என்பான் புருஷன், தன் டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கியபடி. வாயைக் கட்டித்தான் வைத்திருந்தாள். காலுக்கு என்ன செய்வது?

"உங்க பாதத்துல உணர்ச்சி குறைஞ்சுபோச்சு. வீட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்காதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அக்கா ஒரு சின்னக் கொப்புளத்தைக் கவனிக்காமல் விட்டு, முழங்காலுக்குக் கீழே காலையே பறிகொடுத்தவள். அதனால் பட்டாசை யாரும் தனியாகப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆலையிலோ, வெள்ளைத் துணி அழுக்காகிவிடுமாம், செருப்பை வாசலிலேயே விட வேண்டும். எத்தனை தடவை கேட்டாலும் சூப்பர்வைசர் ஒரே பாட்டைத்தான் பாடினான்: "உங்களைச் செருப்போட உள்ள விட்டா எல்லாரும் கேட்பாங்கக்கா." கேட்டால் என்ன, குடியா முழுகிவிடும்?

அன்று மதியம் அவள் மெஷினில் ஊசி உடைந்தது. உடைந்த துண்டுகளை எல்லாம் சேர்த்துக் காட்டினால்தான் புது ஊசி. அதுவரை அந்த வரிசையில் யாரும் ஒரு தையல்கூடப் போடக் கூடாது. முனை துணிக்குள் போய், வாங்குகிறவர் உடம்பில் குத்திவிட்டால்? முனையைக் காணோம். சூப்பர்வைசர் காந்தத்தோடு தரையில் தவழ்ந்தான். சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி, மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தார்கள். அப்பப்பா, என்ன அக்கறை!

பக்கத்து மெஷின்காரிதான் குனிந்து பார்த்து அலறினாள். "ஐயோ அக்கா, மிதிக்கட்டையில ரத்தம்!"

பட்டாசு காலைத் தூக்கிப் பார்த்தாள். முனை பெருவிரலுக்கு அடியில் ஏறியிருந்தது. அதே காலோடுதான் இவ்வளவு நேரம் எழுந்து நடந்து தேடியிருக்கிறாள். வலிக்கவே இல்லை. முனையை விரலால் அசைத்துப் பார்த்தாள்; அப்போதும் இல்லை.

சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டான். "அப்பாடா! நல்லவேளை, துணியில இல்ல."

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. முனையைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"குடுங்கக்கா, லைனே நிக்குது."

"நிக்கட்டும். என் செருப்பு உள்ள வரட்டும்."

"மேனேஜர் என்னைத் திட்டுவாருக்கா."

"உனக்குத் திட்டு, எனக்குக் காலு. எது பெருசுன்னு நீயே சொல்லுடா."

வரிசையில் ஒருத்தியும் மெஷினில் உட்காரவில்லை. அவன் எல்லார் முகத்தையும் பார்த்தான். பிறகு தானே வாசலுக்குப் போய், அவளுடைய தேய்ந்த நீலச் செருப்பை எடுத்துவந்து கீழே வைத்தான்.

காயத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, செருப்பைப் போட்டாள். மருந்து போட்டுக்கொள்ளக் கிளம்புமுன் முனையை மேஜைமேல் வைத்தாள்.

"துணியைத் தடவிப் பாக்குற மாதிரி, இனிமே தினம் என் காலையும் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பு. வாங்குறவனுக்கு மட்டும்தான் உடம்பா?"