எலும்பே, கூடு

"வணக்கம் மாப்பிள்ளை, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, கொக்கியில் தொங்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார் கட்டு அத்தை. "சாப்பிட்டு என்ன பண்ண? உள்ள போனது விலா வழியா வெளிய வந்துடுமே" என்று பதிலையும் அவரே சொல்லிக்கொள்கிறார். சில வாரங்களாக இந்தக் குலுக்கல் இடக்கையால்தான் நடக்கிறது. வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருக்கிறது.

எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவதும் பிரிப்பதும்தான் மருத்துவமனையில் அவருடைய வேலை. "தண்ணி கிடக்கு, பாத்து வாங்க!" என்று ஊரையே அதட்டிக்கொண்டிருந்தவர், தாமே கொட்டிய வாளித் தண்ணீரில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். அவருக்குக் கட்டுப் போட்ட பாவத்துக்கு, கூட வேலை செய்யும் அண்ணன் சுற்றுக்குச் சுற்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"ஏண்ணே, இது கையா, தலையணை உறையா? எத்தனை சுருக்கம் பாருங்க!"

"நீ இப்ப நோயாளிம்மா. பேசாம உக்காரு."

"உடைஞ்சது கை. வாய் இல்ல."

கட்டுப் போட முடியாததால், அண்ணன் வேலை செய்கிற நேரத்தில் பிள்ளைகளை அசையாமல் வைத்திருக்கும் பொறுப்பு அத்தையிடம் வந்தது. அதாவது, பேசுகிற பொறுப்பு. கேட்கவா வேண்டும்! "எலும்பு மட்டும் இல்லேன்னா நீ இந்த நாற்காலியில உக்காந்திருக்க மாட்ட. கழட்டிப் போட்ட சட்டை மாதிரி கிடப்ப" என்று ஆரம்பிப்பார். மாப்பிள்ளையின் மண்டையைத் தட்டுவார்: "இது பெட்டி. மூளைய உள்ள வெச்சுப் பூட்டியிருக்கு. சில பேர் திறந்தே பாக்கறதில்ல." விலாவைத் தடவி, உள்ளே இதயமும் நுரையீரலும் பத்திரமாக இருப்பதைச் சொல்வார். முழங்கால் கதவுக் கீல்போல ஒரு பக்கம்தான் மடங்கும். தோளோ கிண்ணத்தில் வைத்த பந்து, எல்லாப் பக்கமும் சுழலும். முதுகெலும்பு ஒரே கம்பு இல்லை, கோத்த மணிகள். அதனால்தான் குனிந்து செருப்பு மாட்ட முடிகிறது. "எலும்பு தானா நகராது, கண்ணு. சோம்பேறி. தசைதான் கயிறு மாதிரி அதைப் பிடிச்சு இழுக்கும்."

இத்தனை கலகலப்புக்கும் அடியில் ஒரு பயம் கிடந்தது. முறிவு கொஞ்சம் மோசம். எலும்பு சரியாகச் சேராவிட்டால் தகடு வைக்க வேண்டும். பிறகு ஈரமான கட்டை அழுத்தி வளைக்கும் வலு அந்தக் கைக்கு இருக்காது, சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றிவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அந்த ஜன்னல்ல எல்லாரும் மூஞ்சியத்தான் காட்டுவாங்க. எலும்பை யாரு காட்டுவாங்க?" என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தார் அத்தை. அண்ணன் சிரிக்கவில்லை.

அத்தையின் கட்டைப் பிரிக்க வேண்டிய நாளன்று காலை, முன்கை முறிந்த ஒரு சிறுமி வந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்ததும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"எலும்புக்கூடுன்னா பேய்தானே?"

"யாரு சொன்னா? கூடுன்னா குருவிக்கூடு மாதிரி. உனக்குள்ளயும் ஒண்ணு இருக்கு, அதுக்குள்ளதான் நீ குடியிருக்க. இன்னொரு அர்த்தமும் இருக்கு. கூடுன்னா சேந்துக்கோன்னு அர்த்தம். எலும்புக்கு உயிர் இருக்குடி கண்ணு, சொன்னா கேக்கும். உடைஞ்ச இடத்துல அதுவே புதுசா வளர்ந்து ஒட்டிக்கும். ஆனா நீ சொல்லணும். எங்க, சொல்லு, எலும்பே, கூடு!"

அண்ணன் போட்டு முடித்த புதுக் கட்டை நோக்கிச் சிறுமி கண்டிப்பாகச் சொன்னாள். பிறகு அத்தையின் கட்டைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னீங்களா?"

எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தவர் தம் கைக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "மறந்தே போச்சு" என்றார்.

"அய்யே!" என்றாள் சிறுமி. கதவைத் தட்டுவதுபோல அத்தையின் கட்டைத் தட்டினாள். "எலும்பே, கூடு!"

சற்று நேரத்தில் அண்ணன் மாவுக்கட்டை அறுக்கும் ரம்பத்தை எடுத்தார். "இது அதிரும், தோலை வெட்டாது" என்று பிள்ளைகளிடம் அலுக்காமல் சொல்கிற அத்தை, கண்ணை இறுக மூடிக்கொண்டார். "இது அதிரும், தோலை வெட்டாது" என்றார் அண்ணன், அதே ராகத்தில். உள்ளேயிருந்து வெளுத்து மெலிந்த மணிக்கட்டு வெளியே வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது, படம் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளின் தாடையைத் திருப்பிவிடும் அத்தை சுவரைப் பார்த்தார்.

"கூடிடுச்சுக்கா. நல்லா நேரா கூடியிருக்கு."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. உடைந்தது வாய்தானோ என்று அண்ணனுக்கே சந்தேகம் வந்திருக்கும். அத்தை கட்டு அறைக்குத் திரும்பி நேராக மாப்பிள்ளையிடம் போனார். வலக்கையை நீட்டினார். விரல்கள் பாதிதான் மடங்கின. அந்தப் பிளாஸ்டிக் விரல்களுக்குள் அவற்றை ஒவ்வொன்றாக நுழைத்து, குலுக்காமல், சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்.