வாசலில் கழற்றிய செருப்பு

விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தக் கவுன்சலிங் அறை வாசலில் என் வீட்டுக்காரர் செருப்பு மட்டும்தான் கிடக்கும். மற்றவர்கள் செருப்போடுதான் உள்ளே போவார்கள். இவருக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்கு வெறுங்காலோடு போய்ப் பழக்கம். செருப்பு உரசிப் பொறி கிளம்பினால் என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இவர் உள்ளே போனதும் ஆஸ்பத்திரி அறைக் கதவு சாத்திக்கொள்ளும். நான் பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எம். புதுப்பட்டிப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில் மருந்து அறை வெடித்து, கூட வேலை பார்த்த என் தம்பி செத்துப்போனான். அதற்குப் பிறகு இவர் என்னோடு பேசுவதே நின்றுபோனது. குக்கர் விசிலடித்தால் தெருவுக்கு ஓடுவார். பக்கத்தில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷன் அந்தக் கவுன்சலர் அம்மாவிடம் மட்டும் பேசினார். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, வெறும் பேச்சு. சாத்திய கதவைத் தாண்டி அவர் அழுகிற சத்தம் வரும். என் தோளில் ஒருநாளும் அழாத மனுஷன். எனக்கு வயிறு எரிந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தால் சாப்பிட்டீர்களா என்று சிரித்த முகமாகக் கேட்கும். அது இன்னும் எரிச்சல். அங்கே என்னதான் பேசுவீர்கள் என்று பஸ்ஸில் கேட்டால், மனசில் ஓடுகிற நினைப்பு நிஜந்தானா என்று விசாரிக்கிறார்கள் என்பார். என்ன நினைப்பு என்றால் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். மெல்ல மெல்ல அவருக்குத் தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. சந்தோஷந்தான். ஆனால் அது அந்த அம்மா கொடுத்த தூக்கம்.

ஒருநாள் கதவு திறந்து என்னையும் கூப்பிட்டார்கள். அவர் செருப்புக்குப் பக்கத்தில் என்னுடையதையும் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கு அந்த ரூமுக்கு நாம்போக வேண்டியது, பிள்ள. தலவலிக்குதுன்னு ஒந்தம்பிய அனுப்பிச்சேன். அவஞ்செருப்பு அப்படியே வாசல்ல கெடந்துச்சு. நாந்தான் கொன்னேன்னு இம்புட்டு நாளும் நெனச்சேன். வெடிக்கும்னு தெரிஞ்சா அனுப்பியிருப்பீகளான்னு இந்தம்மா கேட்டாக. மாட்டேன்னேன். ஆனா நீ சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்."

தூக்கி வளர்த்த தம்பி. அவன் எப்படிச் செத்தான் என்பது எனக்கு முன்பே அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாட்டீக" என்றேன்.

இப்போது எங்கள் ஊர் மல்லாங்கிணற்றில் வீட்டு வாசலில் அவர் செருப்பு கிடக்கிறது. உள்ளே வந்ததும் அன்றாடம் நடந்ததையெல்லாம் என்னிடம் சொல்கிறார். தீபாவளி சீசனில் வெடிச் சத்தம் கேட்டால் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி தொடர்கிறார். அவர் மனசை முதலில் கேட்டது அந்த அம்மாதான்; அந்தப் பொறாமை எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவர் என்னிடம்தான் வாங்கிக்கொண்டார்.