ஒரு விரல் இடைவெளி

கண்ணாடிக் கடையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான். முப்பது வருஷமாகக் கண்ணாடி வெட்டுகிறார். ஜன்னலோ மேஜையோ குளியலறைக் கதவோ, அவர் வெட்டிப் பொருத்திய இடத்தில் ஒரு தாளைக்கூடச் செருக முடியாது. அதில் அவருக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. வேறு யாராவது வேலையில் சந்து விட்டிருந்தால், "இது வழியா எலி குடும்பத்தோட போயிட்டு வரும்" என்பார்.

அந்தத் தலைக்கனம்தான் மகனையும் துரத்தியது. படிப்பு முடித்துச் சும்மா இருந்தவனைக் கடைக்குக் கூட்டிப்போனார். மூன்றாம் வாரமே ஒரு பெரிய கண்ணாடியை அவன் அரை விரல் குறைத்து வெட்டிவிட்டான். முதலாளி, வாடிக்கையாளர், வேலையாட்கள் எல்லாரும் நிற்க, "நீ எதுக்கும் லாயக்கில்லடா" என்றார்.  இரண்டே மாதத்தில் கடல் தாண்டி ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போய்விட்டான்.

அவன் விட்டுப்போனது ஒரு மீனை. 'அலிகேட்டர் கார்' என்னும் வகை மீன் என்று விற்றவர் சொன்னாராம். முதலைக்கு இருப்பதுபோல நீண்ட வாய், வாய் நிறைய ஊசிப் பற்கள். வாங்கும்போது பென்சில் நீளம்தான் இருந்தது. உள்ளதைச் சொன்னால் மில்லிமீட்டருக்கு அந்த மீனைக் கண்டாலே ஆகாது. எந்நேரமும் மிதக்கும் கட்டைபோல அசையாமல் கிடக்கும். வாலாட்டாது, விளையாடாது. இதையெல்லாம் காசு கொடுத்து வாங்குவார்களா என்று மனைவியிடம் முனகியிருக்கிறார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை மகன் அம்மாவுக்கு போன் செய்வான். ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில், "அப்பாகிட்ட குடும்மா" என்பான்.

"என்ன போட்டீங்க?"

"இறால். தோலை உரிச்சுட்டுத்தான்."

"உயிர் மீன் போடாதீங்க, நோய் வந்துடும். கோழிக்கறியும் வேண்டாம்."

"போடல."

"கையால குடுத்துடாதீங்கப்பா. இடுக்கியில புடிச்சுக் குடுங்க."

"சரி."

இவ்வளவுதான், ஐந்து நிமிஷம். 'நீ சாப்பிட்டியா' என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் அவர் தொண்டை வரை வந்து நின்றுவிடும். மன்னிப்பு கேட்பதெல்லாம் அதற்கும் எட்டாத உயரத்தில் இருந்தது. மீன் இருக்கும் வரைக்கும் இந்த ஐந்து நிமிஷம் இருக்கும் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால் மீனை வளர்த்தார்.

வளர்த்தார் என்றால், எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர் வளர்த்தது போல வளர்த்தார். இரண்டு நாளைக்கு ஒருமுறை மீன் கடைக்குப் போய், முள் எடுத்த துண்டுகளாகக் கேட்டு வாங்கினார். "வீட்டுல கைக்குழந்தையா?" என்று மீன்காரம்மா கேட்டார். "அந்த மாதிரிதான்" என்றார். இடுக்கியில் துண்டைப் பிடித்து நீட்டினால் மீன் கண்டுகொள்ளாததுபோலப் பக்கத்தில் மிதந்து வரும். பிறகு சட்டென்று தலையைப் பக்கவாட்டில் ஒரு வெட்டு, துண்டு காணாமல் போயிருக்கும்.

மீன் வளர்ந்தது. வளர்வதை அது நிறுத்தவே இல்லை. தொட்டியில் திரும்ப முடியாமல் அதன் முதுகு லேசாகக் கோணிக்கொண்டபோது அவர் பதறிப்போய்ப் பெரிய தொட்டி கட்டினார். ஆறு வருஷத்தில் மூன்று தொட்டி. கடைசித் தொட்டி ஏழடி. அதைக் கூடத்தில் வைத்தபின் வாசல் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே வருகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டியிருந்தது.

"இது நம்ம வீடா, அதோட வீடா? நாளைக்கு அது நம்மகிட்ட வாடகை கேட்டாலும் கேக்கும்" என்றார் மனைவி.

"அவன் வந்து பாக்கட்டும். அப்புறம் என்ன வேணா செய்யலாம்" என்றார் இவர்.

அதன் ஒரே ஒரு பழக்கம் மட்டும் அவருக்குப் பிடித்துப்போனது. அவர் தொட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவ்வப்போது மேலே வந்து, மூக்கை வெளியே நீட்டி, வாயை ஒருமுறை திறந்து மூடிவிட்டுக் கீழே போகும். "பாத்தியா, என்னைத் தெரிஞ்சு வெச்சிருக்கு. சாப்பாடு கேக்குது" என்று மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். இதை மகனிடம் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

தொட்டிக்கு மேலே வலைதான் மூடியாக இருந்தது. ஒருநாள் மீன் எகிறி வலையைத் தள்ளிக்கொண்டு பாதி வெளியே வந்துவிட்டது. நல்லவேளையாக அவர் பக்கத்திலேயே இருந்தார். அடுத்த வாரம் மனைவியின் தங்கை மகளுக்குக் கல்யாணம், வெளியூரில் இரண்டு நாள். மீனை அப்படியே விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து ஒரு கண்ணாடி மூடி வெட்டினார். ஓரமெல்லாம் ரப்பர் வைத்தார். குழாய் போகும் துளையில் இருந்த சந்தைக்கூட அடைத்தார். மீன் எகிற இடமே இருக்கக் கூடாது என்று தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறக்கி, நான்கு மூலையிலும் இறுக்கினார். அவர் வாழ்நாளில் வெட்டியதிலேயே அதுதான் மிகச் சரியான மூடி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் திரும்பி வந்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. மீன் மல்லாந்து, மூக்கை மூடியில் முட்டியபடி கிடந்தது. ரப்பர் ஓரத்தில் அதன் பல் பட்ட கோடுகள் இருந்தன.

பொய் சொல்லிவிடலாம் என்றார் மனைவி. அவருக்கும் ஆசைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் கைக்கு வந்ததும் நடந்ததை நடந்தபடி சொன்னார். மூடியின் அளவைக்கூடச் சொன்னார்.



"அது மேல வந்து மூச்சு விடும்பா. தண்ணி சூடா இருந்தா காத்து இல்லாம செத்துடும். ஆறு வருஷமா பாத்திருப்பீங்களே."

"பாத்தேன். சாப்பாடு கேக்குதுன்னு நெனச்சேன்."

"ஒரு விரல் இடம் விட்டிருந்தா போதும்பா."

"தெரியலடா."

"சரி, விடுங்க."

"தொட்டி அப்படியே இருக்கட்டுமா? நீ வந்தா வேற ஏதாவது..."

"வேண்டாம்பா. கழட்டிடுங்க. நான் எங்க வரப்போறேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றே கத்தியை எடுத்து ஒட்டுப் பசையை அறுத்து, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுவரில் சாய்த்தார். அடுத்த ஞாயிறு மகன் எப்போதும்போல அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசினான். இவர் பக்கத்து நாற்காலியில் கையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி போனை அவரிடம் நீட்டாமலே வைத்தார்.

"உங்களையும் கேட்டான்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"ம்" என்றார் அவர். எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார். அது முழுசாகத் திறந்து சுவர் வரைக்கும் போனது. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பவும் சாத்தினார்.