எப்போதிலிருந்து வலி

எனக்கு மூக்கு நுனியில் கோபம். போர்ட் பிளேயரில் இருந்த காலத்தில் அதை அதிகம் தாங்கிக்கொண்டவர் எங்கள் ஆஸ்பத்திரியின் சர்ஜன். வங்காளி, பெரிய உடம்பு, சின்னக் குரல். அறுபதுகளின் பின்பாதி அது. திருநெல்வேலியிலிருந்து கப்பலேறி வந்த நான் அவருக்குக் கீழே ஜூனியர் டாக்டர். பிரசவத் துறையில் மேல்படிப்புக்கு மெட்ராஸில் இடம் வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு முறைதான் முயற்சி செய்யலாம்.

அந்த இடத்துக்கான தேர்வில், வார்டில் ஒரு நோயாளியைக் காட்டி, விசாரித்து, தொட்டுப் பார்த்து, என்னவென்று சொல் என்பார்கள். அதற்குத்தான் சர்ஜன் என்னைத் தயார் செய்தார். மாலை ரவுண்ட் முடிந்ததும் ஏதாவது ஒரு கட்டில் முன்னால் நிறுத்திவிடுவார். கேள்விகளின் வரிசை ஒன்று மாறினாலும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பி என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனுஷனுக்கு வீடு வாசல் கிடையாதா என்று தமிழில் முணுமுணுப்பேன். அவருக்குப் புரியாது என்கிற தைரியம்தான்.

எங்கள் வார்டில் அகதிகளாக வந்து குடியேறிய வங்காளிகள், ராஞ்சியிலிருந்து காடு வெட்ட வந்தவர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள், நம்மவர்கள் எல்லாரும் கலந்து கிடப்பார்கள். எல்லாருக்கும் பொதுவாகத் தீவு இந்தி. ‘கப் சே?’ என்றால் எப்போதிலிருந்து. ‘கிதர்?’ என்றால் எங்கே. ‘தர்த்’ என்றால் வலி. முகத்தைப் பார்த்தவுடனே தமிழ்ப் பெண் என்று தெரிந்தாலும் என் வாய் ‘கப் சே’ என்றுதான் திறக்கும். போர்ட் பிளேயரை ஒட்டிய டாலிகஞ்சிலிருந்து வேலைக்கு வரும் ஆயாவும் தமிழச்சிதான், ஆனால் தாத்தா காலத்திலிருந்தே தீவுக்காரி. அவளோடும் பாதிப் பேச்சு இந்தியில்தான். அங்கே அது யாருக்கும் விசேஷமாகத் தெரியாது.

ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதும் என் வேலை. முகத்தில் வைத்த துணியின் மேல் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி நாடியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். எனக்கு முன்னால் அவர் இதேபோல் தயார் செய்து அனுப்பிய இரண்டு பேர் மெயின்லாண்டோடு தங்கிவிட்டார்கள். பதில் ஆள் கேட்டு எழுதி எழுதி அவருக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் என் லீவில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

மெட்ராஸில் எனக்குக் கொடுத்தது செங்கல்பட்டுப் பக்கத்து அம்மாள். இரண்டு பரீட்சை அதிகாரிகள் பின்னால் நின்றார்கள். நான் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, தெள்ளத் தெளிவாக, ‘கப் சே தர்த் ஹை?’ என்றேன்.

ஊரே இந்தி என்றால் கொதித்துக் கிடந்த நேரம். அந்த அம்மாள் கையை உருவிக்கொண்டாள். “இன்னாம்மா கேக்குறே? நம்ம பாஷையில கேளேன்.”

பின்னால் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். திருநெல்வேலி என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. தமிழுக்கு மாறினேன், மாறி என்ன செய்ய? மூன்று வருடமாக அடுக்கி வைத்த கேள்வி வரிசை மொத்தமும் இந்தியில் இருந்தது. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவியது. கடைசியாக வீட்டுக்குத் தூரமானது எப்போது என்று கேட்கவே மறந்துவிட்டேன். பிரசவ டாக்டராகப் போகிறவள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. அத்தோடு போயிற்று.

திரும்பி வந்த கப்பல் ஹேடோ துறைமுகத்தில் அணைந்தபோது சர்ஜன் கரையில் நின்றுகொண்டிருந்தார். ஊர் முழுக்கக் கப்பல் பார்க்க வந்தாலும் அவர் ஒருநாளும் வந்ததில்லை. கூடவே நர்ஸ்கள், ஆயா. எல்லார் முகத்திலும் அப்படியொரு மலர்ச்சி. அவர் என் டிரங்குப் பெட்டியைத் தூக்க வந்தார், நான் விடவில்லை.

“நான் தோத்ததுல உங்களுக்கெல்லாம் சந்தோஷம்தானே?” என்று அத்தனை பேர் முன்னாலும் இந்தியில் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். “ஆமா,” என்றார். சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆயாதான் பொறுக்க மாட்டாமல் சொன்னாள். நான் மெட்ராஸில் இருந்தபோது ஹேவ்லாக் தீவிலிருந்து படகில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறார்கள். தலைச்சன் பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது. மயக்கம் கொடுக்க ஆளில்லை. சர்ஜனே மரப்பு ஊசி போட்டு, அவரே கத்தியும் பிடித்திருக்கிறார். குழந்தையை எடுத்துவிட்டார். தாய் போய்விட்டாள்.

“சாப் ரெண்டு நாள் அந்தக் கொழந்த தொட்டில விட்டு நகரல, டாக்டரம்மா. பில்குல் நகரல,” என்றாள் ஆயா.

நேரே அவர் அறைக்குப் போய், இனிமேல் மெட்ராஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“நீ இங்கேயே இருந்தா ஈதர் சொட்டவிடலாம். கத்தி பிடிக்க நாளைக்கு யாரு? நான் இல்லாத அன்னைக்கு அந்தப் படகு வந்தா என்ன பண்ணுவே?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

அன்று மாலை ரவுண்ட் முடிந்ததும் பழையபடி கட்டில் முன்னால் நிறுத்தினார். நான் ‘கப்’ என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டித் தடுத்தார். “எப்போ இருந்து வொலி?” என்றார். ஆயா வாய்பொத்திச் சிரித்தாள். நான் மெட்ராஸில் அவமானப்பட்ட கதை எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. ஆயாவைப் பிடித்து உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியாகக் கற்றுக்கொண்டாராம். ‘எங்கே வொலி?’ ‘எத்தனை பிள்ளை?’ கரடுமுரடான தமிழ், ஆனால் வரிசை துளி பிசகவில்லை. வருடம் முழுக்க அந்த வார்டில் தமிழில் நடந்தது பாடம். எதிரே இருப்பது ராஞ்சிப் பெண்ணாக இருந்தால் அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து முழிப்பாள். இந்த மனுஷன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாரே என்று எனக்கு ஒவ்வொரு மாலையும் தோன்றும்.

இரண்டாம் முறை மெட்ராஸில் எனக்குக் கிடைத்தது சின்னப் பெண், இருபது வயசுகூட இருக்காது. “எப்போ இருந்து வலி, கண்ணு?” என்றேன். சர்ஜனின் ராகம் அப்படியே வந்தது. அவள் மடமடவென்று சொல்ல ஆரம்பித்தாள். எதையும் மறக்காமல் கேட்டேன். இடம் கிடைத்தது. சந்தோஷப்பட வேண்டிய அந்த நேரத்தில் ஈதர் பாட்டிலை இப்போது யார் எடுப்பார்கள் என்பதுதான் மனதில் ஓடியது.

படிப்பை முடித்து நான் திரும்பிப் போனேன். சர்ஜனை அதற்குள் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஆயா இருந்தாள். கேட்டால் எதையும் ஒளிக்காமல் சொல்கிறவள். பல வருடம் அவள் பக்கத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறேன், என் கையாலேயே எத்தனையோ பிரசவம் பார்த்தாயிற்று. நான் படிக்கப் போயிருந்த நாட்களில் ஹேவ்லாக்கிலிருந்து படகு வந்ததா என்று மட்டும் அவளிடம் நான் கேட்கவே இல்லை.