மகளின் முதுகுக்குக் குடைந்த பலகை

என் மகளால் தலையை நிமிர்த்தி வைத்திருக்க முடியாது. பிறந்தபோது மூச்செடுக்கப் பிந்தியதால் வந்தது என்றார்கள். நடக்கமாட்டாள், கதைக்கமாட்டாள். ஆனால் சிரிப்பாள். என் சைக்கிள் படலையில் முட்டும் சத்தம் கேட்டாலே போதும், அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். வளர வளர அவளின் முள்ளந்தண்டு ஒரு பக்கமாக வளைந்தது. அதோடு சாப்பாடு வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் போகத் தொடங்கியது.

மனைவி அவளை மடியில் இருத்தி, பின்னாலிருந்து தன் நெஞ்சால் முட்டுக்கொடுத்து, ஒரு கையால் நாடியைத் தாங்கி, மற்றக் கையால் கரைத்த சோற்றைத் தீத்துவாள். அப்படியிருந்தும் பிள்ளை சரிந்துவிடும். புரைக்கேறும். முகம் கறுக்கும். நான் பட்டறையிலிருந்து ஓடிவந்து குப்புறப் பிடித்து முதுகில் தட்டுவேன். பிறகு காய்ச்சல். பிறகு அரியாலையிலிருந்து ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். அந்த வருசம் முழுக்க எங்களுக்கு இதுதான் சீவியம்.

"நுரையீரல் எத்தினை தரம் தாங்கும்?" என்று டொக்டர் கேட்டார். "நிமிர்த்தி இருத்தித்தான் சாப்பாடு குடுக்கவேணும்."

நிமிர்த்தி இருத்த ஒரு கதிரை வேண்டும். பிள்ளையின் உடம்புக்கு அளவாகச் செய்யப்பட்டது. ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற மிஸ்ஸிடம் கேட்டேன்.

"அது கொழும்பிலையிருந்து வரவேணும் அண்ணை. இப்ப டொலர் இல்லையெண்டு நாட்டுக்குள்ளை ஒரு சாமானும் இறங்கேல்லை. எப்ப வருமெண்டு என்னாலை சொல்லேலாது."

"நான் தச்சுவேலைதானே மிஸ் செய்யிறன். நான் செய்து பார்த்தால்?"

அவர் யோசித்தார். "செய்யுங்கோ. ஆனால் எனக்குக் காட்டாமல் பிள்ளையை அதிலை இருத்திப்போடாதேங்கோ."

நான் கதவும் யன்னலும் செய்கிறவன். என் வேலையெல்லாம் நேர்கோடு. வளைவு குடைய என்னிடம் ஒரு உளிகூட இல்லை. நல்லூரில் கோயில் வாகனம் செய்கிற ஒருவரிடம் போய் விசயத்தைச் சொன்னேன். அவர் தன் நகவுளிகளைச் சாக்கில் சுற்றித் தந்தார். நகம்போல வாய் வளைந்த உளிகள், சின்னதும் பெரிதுமாக. "பிள்ளைக்குத்தானே, கொண்டுபோ" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு சாக்கில் ஈரமணலை நிரப்பி, அதில் மகளைச் சாய்த்து இருத்தினோம். அவள் முதுகு மணலில் பதிந்தது. ஈயக்கம்பியை அந்தப் பள்ளத்தில் வளைத்து வளைத்து, காட்போட் மட்டையில் வைத்துக் கோடு எடுத்தேன். கதிரையின் முதுகுப்பலகைக்கு, வேலியில் வெட்டிய பூவரசங்குற்றி ஒன்று கிடந்தது. பச்சை மரம். காயவிட நேரமில்லை.

கரண்ட் பாதிநாள் இருக்காது. இருந்தாலும் அந்தக் குழிக்குள் எந்த மெசினும் போகாது. மரச்சுத்தியல்தான், கொட்டாப்புளி; அதால் உளியைத் தட்டித் தட்டி, இரண்டு விளிம்பிலிருந்தும் நடுவை நோக்கிக் குடைந்தேன். மரத்தின் ஓட்டத்துக்கு எதிராக ஒருமுறை உளி போனாலும் நார் பிய்ந்து வரும். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. வந்திருந்த கதவு வேலைகளைத் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு தரமும் வீட்டுக்குள் இருமல் கேட்கும்போது கை நின்றுவிடும்.

முடிந்ததும் கொண்டுபோய் மிஸ்ஸிடம் காட்டினேன். அவர் உள்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தார்.

"வடிவாக் குடைஞ்சிருக்கிறியள் அண்ணை. பிள்ளையின்ரை முதுகு அப்பிடியே இருக்கு. அதுதான் பிழை."

எனக்கு விளங்கவில்லை.

"இதிலை இருத்தினா வளைவுக்குள்ளையே போய் விழுவா. கதிரை வளைவோடை போகக்கூடாது, எதிர்த்து நிக்கவேணும். இந்த விலாவிலை ஒரு முட்டு, மற்றப்பக்கம் இடுப்பிலை ஒண்டு, மேலை கமக்கட்டுக்குக் கீழை ஒண்டு. மூண்டும் சேர்ந்துதான் தாங்கவேணும்."

குடைந்த மரத்தைத் திரும்ப வைக்க ஏலாது. இருந்தாலும் துண்டுகள் ஒட்டிப் பார்த்தேன். அடுத்த கிழமை வெயிலில் பச்சைப் பூவரசு மேலிருந்து கீழ்வரை வெடித்தது. அதே கிழமை மகளுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. இந்தமுறை ஒட்சிசன் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வாட்டில் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்கடை பலகை முடியுமட்டும் இவள் இருப்பாளோ?"

வெளியே வந்து மதிலோரம் குந்தியிருந்து அழுதேன். ஆட்கள் போய்வந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் அழுகிறவர்கள் அதிகம்.

வீட்டுக்குப் போய் எங்கள் அறைக்கதவைக் கழற்றினேன். பலாமரம், நன்றாகக் காய்ந்தது. வேறு நல்ல மரம் அந்த நேரம் எங்கும் எடுக்க முடியவில்லை. கதவை அறுத்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிபோல ஒட்டி இறுக்கி, காய்ந்தபின் அந்தப் படிகளை நகவுளியால் வழித்தேன். மிஸ் கீறித் தந்த மூன்று இடங்களிலும் மரத்தை மேடாக விட்டேன். ஆஸ்பத்திரியால் வந்த மனைவி கதவில்லாத வெறும் நிலைச்சட்டத்தைப் பார்த்தாள். ஒரு சீலையை எடுத்து அதில் கட்டிவிட்டாள்.

இருக்கையும் கால்களும் பூட்டி, மிஸ்ஸுக்குக் காட்டியபின் முதல் தரம் இருத்தியபோது பிள்ளை வீரிட்டு அழுதாள். தூக்கிப் பார்த்தால் விலாவில் சிவப்புத் தழும்பு. கொஞ்சம் வழித்தேன். அடுத்த நாள் இடுப்பில் தழும்பு. அதையும் வழித்தேன். கூட வழித்தால் முட்டு போய்விடும், குறைய வழித்தால் தோல் உரியும். தாள் தடிப்புக்குத்தான் சீவல் எடுத்தேன். எத்தனையோ தரம் உளியை எறிந்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்தேன்.

ஒரு மத்தியானம் அவள் அழவில்லை. மிஸ்ஸும் வந்து பார்த்துத் தலையசைத்தார். மனைவி கஞ்சிக் கோப்பையோடு வந்து பின்பக்கம் போய் நின்றாள். அங்கே அவளுக்கு வேலை இருக்கவில்லை.

"முன்னாலை இருங்கோ அக்கா," என்றார் மிஸ்.

முன்னால் இருந்தாள். பிள்ளை தாய்ப்பால் மறந்த பிறகு, தீத்தும்போது அவள் முகத்தை நேரே பார்ப்பது அதுதான் முதல்தரம். மகள் தாயைப் பார்த்து வாயை ஆவென்று திறந்தாள். விழுங்கினாள். இருமல் வரவில்லை. மனைவிக்குக் கரண்டி பிடிக்க முடியவில்லை. நான் வாங்கித் தீத்தினேன்.

அந்தக் கதிரையில் ஒரு மாரிகாலம் முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தாள். கதை அதோடு முடிந்திருந்தால் நல்லது. பிள்ளை வளர்கிறாள், வளைவும் வளர்கிறது. ஒப்பரேசனை அவளின் நெஞ்சு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கொழும்பிலிருந்து சாமான் வருகிறது. வந்த கதிரையில் இருத்திப் பார்த்தோம், அவளின் வளைவுக்கு அது சரிவரவில்லை. போன மாதம் இருமல் திரும்பி வந்தது.

புதுப் பலகை ஒட்டிவைத்திருக்கிறேன். மிஸ் வந்து பிள்ளையின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கே முட்டுக்கொடுப்பது என்று இந்தமுறை அவராலும் உடனே சொல்ல முடியவில்லை. "மெல்ல மெல்லக் குடையுங்கோ அண்ணை, நான் ஒவ்வொரு கிழமையும் வாறன்," என்றார்.

"ஓம்" என்றேன். விளிம்பிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.